தனிப் பொறுப்பில்

மேர்ஸ்பேக்கெ ஊரில் மின்சாதனக் கடை வைத்திருந்த ஃபிர்மின் தோண்ட், தன் அறுபத்தோராவது வயதில் உற்பத்தியாளர் ஆனார். அதற்காக அவர் எதையும் உற்பத்தி செய்யவில்லை. ஓர் ஆணியைக்கூட அடிக்கவில்லை. ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான். எங்கள் ஐரோப்பாவில் அது போதும்.

அதுவரை அவர் வெறும் கடைக்காரர். தேவாலயத்துக்கு எதிரே, ரொட்டிக் கடைக்கு இரண்டு வீடு தள்ளி, பல்பும் டோஸ்டரும் காபி இயந்திரமும் விற்றுக்கொண்டு, வாங்கியவர்கள் பழுதென்று கொண்டுவந்தால் முனகாமல் பிரித்துப் பார்த்துக்கொண்டு இருந்தார். எங்கள் ஊர் ஆற்றோர ஊர். அக்டோபர் பிறந்தால் தரை ஈரம் காலில் ஏறி, ஏப்ரல்வரை இறங்காது. ஆகவே ஒரு கண்காட்சியில் கால் சூட்டுப் பை என்ற சரக்கைப் பார்த்ததும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. தலையணை அளவில் ஒரு துணிப் பை. இரண்டு பாதத்தையும் ஒன்றாக உள்ளே விட்டுக்கொண்டு, ஒயரை மாட்டினால் இதமாகச் சூடேறும். சூடு மிஞ்சினால் தானே அணைந்துவிடும். எங்கோ தூரத்துச் சீனத் தொழிற்சாலை ஒன்று செய்கிறது. யார் பெயர் வேண்டுமோ அதை அச்சடித்துத் தருவார்கள்.

"உங்க பேரையே போடுங்களேன்," என்றான் விற்பனைக்காரன். "தோண்ட்! கேட்டாலே கால் சூடாவுது."

அறுபது வருஷத்தில் அவர் பெயரைப் பற்றி இப்படி யாரும் சொன்னதில்லை. சரி என்றார்.

பிறகுதான் காகித வேலைக்கென்று ஓர் ஆலோசகர் வந்து சட்டத்தை விளக்கினார். ஒரு பொருளை யார் செய்தார் என்பது சட்டத்துக்கு ஒரு பொருட்டல்ல. எவர் பெயர் அதன்மேல் இருக்கிறதோ அவரே உற்பத்தியாளர். அந்தப் பொருள் பாதுகாப்பானது என்று சொல்லி, சி, ஈ என்ற இரண்டு எழுத்து முத்திரையைப் போட வேண்டியவரும் அவரே.

"பயப்படாதீங்க தோண்ட் சார். தொழிற்சாலைக்காரன் சோதனை அறிக்கை குடுத்திருக்கான். அதுக்கு மேல உங்க பேர்ல ஒரு அட்டை போட்டா கோப்பு ரெடி. கடைசிப் பக்கத்துல ஒரு கையெழுத்து."

கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. 'இந்தப் பிரகடனம் உற்பத்தியாளரின் தனிப் பொறுப்பில் வெளியிடப்படுகிறது.' ஃபிர்மின் அதை மூன்று தடவை படித்தார். கடன் பத்திரத்தில்கூட இவ்வளவு கனமான வரியை அவர் பார்த்ததில்லை.

"தனிப் பொறுப்புன்னா?"

"அது அச்சுல வர்ற வரி சார். எல்லாத்துலயும் வரும். டோஸ்டருக்கும் வரும், பொம்மை முயலுக்கும் வரும். யாரும் படிக்கிறதில்ல."

ஃபிர்மின் படித்துவிட்டார். அதுதான் பின்னால் வினையாகப் போயிற்று.

மாதிரிப் பை வந்ததும் அதை முதலில் போட்டுப் பார்த்தவர் ஒடீல். ஆற்றில் படகு ஏற்றி இறக்கும் மதகுக்கு நாற்பது வருஷம் காவலாக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். அந்த நாற்பது வருஷமும் அவர் கால் நனைந்தே இருந்தது. இப்போது கோடையிலும் இரண்டு ஜோடி காலுறை போடுவார். வெள்ளிக்கிழமை தோறும் அவர் வீட்டு அடுக்களையில் ஃபிர்மினும் அவரும் சீட்டாடுவார்கள். ஒடீலின் மனைவி கிரீட் காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு, இரண்டு பேரும் செய்யும் கள்ளாட்டத்தை உடனுக்குடன் காட்டிக் கொடுப்பாள்.

"சூடு நல்லாத்தான் இருக்கு," என்றார் ஒடீல், பைக்குள் விரல்களை ஆட்டிக்கொண்டே. "ஆனா உள்ள சாக்குத் துணி மாதிரி குத்துதே. ஆட்டுக்குட்டி மாதிரி மெத்துன்னு ஏதாவது போடச் சொல்லேன். நீதான உற்பத்தியாளர்?"

"எழுதிப் போடறேன்."

"எழுதிப் போடறாராம்! கிரீட், பாத்தியா, பெரிய முதலாளி நம்ம வீட்டுல உக்காந்து சீட்டாடறாரு."

ஃபிர்மின் எழுதிப் போட்டார். தொழிற்சாலை அன்றே சம்மதித்தது. உள்ளே விரலளவு தடிமனுக்கு வெள்ளைக் கம்பளி வைத்து எழுபத்திரண்டு பைகள் வந்திறங்கின. சோதனை அறிக்கை பழைய பைக்குத்தான். வெறும் கம்பளிதானே, அதற்கு எதற்கு இன்னொரு சோதனை என்று யாரும் கேட்கவில்லை. ஃபிர்மினுக்கும் தோன்றவில்லை. தனக்கென்று ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார்; மீதியெல்லாம் குளிர்காலம் முடிவதற்குள் தீர்ந்தன. முதல் பை ஒடீலுக்கு.

பிப்ரவரி மாதம் ஒரு வியாழக்கிழமை மதியம், ஒடீல் நாற்காலியில் காலைப் பைக்குள் விட்டபடி தூங்கிப்போனார். கிரீட், பாலும் அரிசியும் நிரப்பிச் சுட்ட அரிசி டார்ட் வாங்க ரொட்டிக் கடைக்குப் போனாள். கடையில் கூட்டம். ரொட்டிக்காரர் மனைவி தன் மருமகளைப் பற்றி ஆரம்பித்தாள். அரை மணி நேரம் கழித்து கிரீட் திரும்பி வந்தபோது வீடு முழுக்கப் புகை. தீ என்று பெரிதாக ஒன்றுமில்லை. பையும் கால் விரிப்பும் நாற்காலியின் கீழ்ப்பாதியும் கருகியிருந்தன. ஆனால் அந்தப் புகையே ஒடீலுக்குப் போதுமானதாக இருந்துவிட்டது.

அடக்கம் முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து ஹாம் வைத்த ரொட்டி தின்று காபி குடித்தார்கள். ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் ஒடீலின் படம் போட்ட நினைவு அட்டை இருந்தது. கிரீட் மேசை மேசையாகப் போய் வந்தவர்களுக்கு நன்றி சொன்னாள். சொன்ன கையோடு இன்னொன்றும் சொன்னாள்.

"ஸ்விட்சைப் பாத்தேன். அவரு தூங்கறாரே, கால் சில்லிட்டுப் போகுமேன்னு அணைக்காம போயிட்டேன். நான்தான் அணைக்காம போயிட்டேன்."

ஃபிர்மின் கடித்த ரொட்டியைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"உன் தப்பு இல்ல கிரீட்," என்றார்.

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க," என்று அவள் அடுத்த மேசைக்குப் போனாள்.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு, தன் சொந்த உபயோகத்துக்கு எடுத்து வைத்திருந்த பையை மேசைமேல் வைத்து ஒயரை மாட்டினார். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு மயிர் கருகும் வாடை வந்தது. பிரித்துப் பார்த்தபோது விஷயம் விளங்கிவிட்டது. சூட்டை அளக்கிற பொத்தான் கம்பளிக்கு மேலே, சூட்டைக் கக்குகிற கம்பி கம்பளிக்குக் கீழே. கீழே கம்பி தகித்துக்கொண்டிருக்க, மேலே பொத்தான் குளிர்ச்சியாக, எல்லாம் நலம் என்று நினைத்துக்கொண்டிருந்தது. நடுவில் அவர் போடச் சொன்ன ஆட்டுக்குட்டி.

அன்றைக்கே அவர் கிரீட்டிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். வீட்டு வாசல்வரை போனார். ஜன்னல் வழியே அவள் ஒடீலின் காலுறைகளை ஜோடி சேர்த்து மடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. திரும்பி வந்துவிட்டார். இதை நாம் சொல்வதைவிட அரசாங்கம் சொன்னால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. முத்திரை குத்திய ஒரு கடிதம் வந்து, பையில்தான் கோளாறு, உற்பத்தியாளர்தான் பொறுப்பு என்று சொன்னால் கிரீட் நம்புவாள். நாற்பது வருஷம் அரசாங்கச் சம்பளத்தில் வாழ்ந்தவள். அச்சில் வந்தது அவளுக்கு வேதம். இப்படித் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பிரகடனத்தையும் கருகிய பையையும் எடுத்துக்கொண்டு மாகாணத் தலைநகருக்கு ரயிலேறினார்.

பொருள்கள் சட்டத்துக்கு இணங்க இருக்கின்றனவா என்று பார்க்கும் இணக்கக் கண்காணிப்பு அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. வாசலில் வரிசைச் சீட்டுக் கொடுக்கும் இயந்திரம். அதில் மூன்று பொத்தான்கள். 'நான் பொறுப்பல்ல.' 'வேறொருவர் பொறுப்பு.' 'யார் பொறுப்பு என்று தெரியவில்லை.' ஃபிர்மின் நான்காவது பொத்தானைத் தேடினார். பின்னால் நின்றவர் பொறுமையிழந்து இருமினார். வேறு வழியில்லாமல் மூன்றாவதை அழுத்தினார். பொய்யோடுதான் உள்ளே போக முடிந்தது.

அதிகாரி கௌலியர் அம்மையார் அவரைப் பார்த்ததும் எழுந்து கை கொடுத்தார். மேசைமேல் ஒடீலின் பையில் மிஞ்சிய லேபிள் ஒரு கண்ணாடிக் கூட்டில் இருந்தது. தீயணைப்புத் துறை அனுப்பியிருந்தது. துணி, கம்பளி எல்லாம் சாம்பல். லேபிள் மட்டும் அப்படியே இருந்தது. நீடித்து நிற்கும் லேபிளாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறதே.

"அஞ்சு மில்லிமீட்டர் உயரம் இருந்தா போதும். உங்க முத்திரை அஞ்சு புள்ளி ஒண்ணு!" என்றார் அம்மையார், அளவுகோலைக் காட்டி. "சி-க்கும் ஈ-க்கும் நடுவுல இடைவெளி பாருங்க, வட்டத்துல வட்டம் உக்காந்த மாதிரி. இந்த மாகாணத்துல இவ்ளோ சுத்தமான முத்திரையை நான் பாத்ததே இல்ல தோண்ட் சார்."

"மேடம், அந்த மனுஷன் செத்துட்டாரு."

"ஆமா, பாவம். ஆனா முத்திரை தப்பிச்சுது பாருங்க. அதுதான் தரம்."

ஃபிர்மின் பிரகடனத்தை மேசைமேல் விரித்து, கடைசி வரியில் விரலை வைத்தார். "மேடம், தனிப் பொறுப்புன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். இப்ப அந்தப் பொறுப்பை ஏத்துக்க வந்திருக்கேன். பையோட உள்துணியை நான்தான் மாத்தச் சொன்னேன். அதனாலதான் அது அணையல."

அம்மையார் கோப்பைப் புரட்டினார். மெதுவாக, அக்கறையாக, பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"உள்துணி மாத்தினதா கோப்புல இல்லையே."

"கோப்புல போடல மேடம். அதுதான் தப்பு."

"கோப்புல இல்லன்னா மாத்தலன்னு அர்த்தம்."

"மாத்தினேன் மேடம். இந்தாங்க, பாருங்க." கருகிய பையை எடுத்து வைத்தார். அறை முழுக்க வாடை பரவியது. அம்மையார் ஜன்னலைத் திறந்தார்.

"இதை நீங்களே கொண்டு வந்திருக்கீங்க. நாங்க எடுத்து சீல் வச்சாத்தான் அது மாதிரிச் சரக்கு. நாங்க எடுக்கணும்னா சந்தேகம் வரணும். சந்தேகம் வரணும்னா கோப்புல குறை இருக்கணும். உங்க கோப்புல குறையே இல்ல."

"உற்பத்தியாளரே தன் பொருள் கெட்டதுன்னு சொன்னா?"

அம்மையார் இரக்கமுள்ள மனுஷிதான். மேசையில் இருந்த பிஸ்கட் தட்டை ஃபிர்மின் பக்கம் நகர்த்தினார்.

"உற்பத்தியாளர் தன் பொருளை நல்லதுன்னு சொன்னா அது பிரகடனம் தோண்ட் சார். கெட்டதுன்னு சொன்னா அது வெறும் அபிப்பிராயம். நான் இருபத்திரண்டு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். பொறுப்பு இல்லன்னு சொல்றதுக்கு எங்ககிட்ட ஏழு படிவம் இருக்கு, கலர் கலரா. இருக்குன்னு சொல்றதுக்குப் படிவமே அடிக்கல. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே."

"அப்ப தனிப் பொறுப்புங்கற வரி எதுக்கு மேடம்?"

"அது கையெழுத்துக்கு மேல ஏதாவது இருக்கணும்ல?"

ஃபிர்மின் பிஸ்கட்டை எடுக்காமல் எழுந்தார்.

ஆனாலும் அம்மையார் உதவி செய்தார். சோதனைக்கூடத்துக்கு ஒரு சிபாரிசுச் சீட்டு எழுதித் தந்தார். சோதனைக்கூடத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் அலமாரியைத் திறந்து, சாக்குத் துணி வைத்த பழைய மாதிரிப் பையை எடுத்து ஒயரை மாட்டினார்.

"நாலு மாசமா ஓடுது சார். ஒரு தடவைகூட மிஞ்சினதில்ல. நம்பிக்கை இல்லன்னா நீங்களே காலை வச்சுப் பாருங்க."

"நான் வித்தது இது இல்லீங்க."

"நாங்க பாஸ் பண்ணினது இதுதான். நீங்க எதை வித்தீங்கங்கறது வியாபார விஷயம், அதுல நாங்க தலையிடக்கூடாது. சும்மா வைங்க சார், வெளிய மழை, உங்க ஷூ நனைஞ்சிருக்கு."

ஃபிர்மின் ஷூவைக் கழற்றிக் காலை உள்ளே விட்டார். துணி குத்தியது. கொஞ்சம் சூடேறியது, அங்கேயே நின்றது, இதமாக இருந்தது. ஒடீல் இந்தச் சாக்கையே பொறுத்துக்கொண்டிருந்தால் இந்த வெள்ளிக்கிழமையும் கள்ளாட்டம் ஆடிக்கொண்டிருப்பார். அந்த நினைப்பு வந்ததும் அடக்க முடியவில்லை. முன்பின் தெரியாத இடத்தில், கால் இரண்டையும் பைக்குள் வைத்துக்கொண்டு, அறுபத்தோரு வயதில் குலுங்கிக் குலுங்கி அழுதார். வெள்ளைக் கோட்டுக்காரர் தன் நோட்டை எடுத்து, 'பயனாளர் வசதி: திருப்திகரம்' என்று எழுதிக்கொண்டார்.

தொழிற்சாலைக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் ஒரே வரியில் வந்தது. 'மதிப்பிற்குரிய உற்பத்தியாளர் அவர்களே, தங்கள் உற்பத்தியைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது.'

சரி, மற்றவர்கள் காலாவது தப்பட்டும் என்று ஃபிர்மின் சைக்கிளை எடுத்தார். கடைச் சீட்டுகளைப் பார்த்து வீடு வீடாகப் போய், காரணம் சொல்லாமலே பைகளைத் திருப்பிக் கேட்டார். சிலர் மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். சிலர், நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் பிடுங்குகிறாய் என்று சண்டை போட்டார்கள். ஒருத்தி, "எம் பூனை அதுலதான் தூங்கும், அதுக்கு என்ன பதில் சொல்றது?" என்றாள். பூனைக்கு ஒரு கம்பளித் துண்டு வாங்கிக் கொடுத்துப் பையை மீட்டார். பதினோரு நாளில், தன்னுடையதையும் சேர்த்து எழுபத்தொன்று திரும்பிவிட்டன. எழுபத்திரண்டாவது அலுவலகத்தில், கண்ணாடிக் கூட்டில், லேபிளாக இருந்தது.

அதற்கு அலுவலகத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கோப்பு முழுமையாக உள்ள ஒரு பொருளை, உரிய படிவமின்றி, தகுந்த காரணமின்றி, சைக்கிளில் திரும்பப் பெற்றது முறையற்ற செயல். இதனால் முத்திரையின்மேல் பொதுமக்களுக்குள்ள நம்பிக்கை குலைகிறது. இனி இவ்வாறு செய்தால் உற்பத்தியாளர் என்ற தகுதியைப் பற்றி மறுபரிசீலனை செய்ய நேரிடும்.

'மறுபரிசீலனை செய்யவும்' என்று பதில் போட்டார். 

கடைசியாக, ஜூன் மாதம், பொறுப்பு நிர்ணயக் குழு கூடியது. ஏழு பேர். ஏழு தண்ணீர் பாட்டில். கௌலியர் அம்மையார்தான் தலைமை. ஃபிர்மினுக்குச் சுவரோரம் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், பேச அனுமதி இல்லாத நாற்காலி. அம்மையார் எழுந்து உரையாற்றினார்.

"நண்பர்களே, பொறுப்பு ரொம்ப உயர்ந்த விஷயம். அவ்வளவு உயர்ந்ததை யாரோ ஒரு தனி மனுஷன் தலையில தூக்கி வைக்கறது நாகரிகம் இல்ல. அதனாலதான் அதைப் பிரிச்சுப் பிரிச்சு, ஒருத்தருக்கும் பாரம் தெரியாத மாதிரி நாம பாத்துக்கறோம். தொழிற்சாலை தன் பங்கைச் சரியா செஞ்சிருக்கு, அறிக்கை இருக்கு. சோதனைக்கூடம் சரியா செஞ்சிருக்கு, அவங்க வச்சிருக்கற மாதிரிப் பை இன்னும் சூடா இருக்கு. உற்பத்தியாளர் சரியா செஞ்சிருக்காரு, இதோ உக்காந்திருக்காரு, முத்திரை அஞ்சு புள்ளி ஒண்ணு. நம்ம அலுவலகம் சரியா செஞ்சிருக்கு, அதுக்கு நானே சாட்சி. ஆக, பொருள் சட்டப்படி இணக்கமானது. இணக்கமான பொருள் அளவுக்கு மீறிச் சூடாகாது. அதனால அது சூடாகல."

குழுவில் ஒருவர் மெல்லக் கேட்டார்: "அப்ப எரிஞ்சது?"

"அது பயன்பாடு. வழிமுறைக் கையேடு பதினாலாம் பக்கம், இருபத்து நாலு மொழியில இருக்கு: இயங்கும்போது கவனிப்பின்றி விடக்கூடாது. கையேட்டைப் படிச்சிருக்க வேண்டியவர் யாரு? பயன்படுத்துறவர்."

"அவர் தூங்கிட்டிருந்தாரே மேடம்."

"நல்ல கேள்வி. தூங்கறவர் பயன்படுத்துறவர் ஆக முடியாது. அந்த நேரத்துல பயன்படுத்துறவர்ங்கற தகுதி, வீட்டுல முழிச்சிட்டிருக்கற அடுத்த பெரியவருக்குப் போகுது."

ஏழு பேனாக்கள் அதை எழுதிக்கொண்டன. சுவரோர நாற்காலியிலிருந்து ஃபிர்மின் எழுந்தார்.

"அவ டார்ட் வாங்கப் போனா! அரிசி டார்ட்! அவ தலையில கட்டாதீங்க, நான் இருக்கேன், இதோ நான் இருக்கேனே!"

"தோண்ட் சார்," என்றார் அம்மையார், உண்மையான அன்போடு, "உங்களை நாங்க காப்பாத்தியாச்சு. உக்காருங்க."

கடிதம் நேராகக் கிரீட்டுக்குப் போனது. அச்சடித்து, முத்திரை குத்தி, பதிவுத் தபாலில் போனது. அரசாங்கமே சொல்லட்டும் என்று ஃபிர்மின் நாலு மாதம் அலைந்தாரே, அரசாங்கம் சொல்லிவிட்டது.

அன்று அவர் வீட்டில் உட்கார்ந்து பழைய பிரகடனத்தை எதிரே வைத்துக்கொண்டு, ஒரு வெள்ளைத் தாளில் தன் கையெழுத்தில் புதிதாக ஒன்று எழுதினார். பிறகு கருகிய பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மதியம் மூன்று மணிக்கு ஒடீல் வீட்டுக் கதவைத் தட்டினார். வழி ரொம்பச் சின்ன வழி. ரயில் வேண்டியதில்லை, சைக்கிள்கூட வேண்டியதில்லை. நாலு மாதமாக அவர் போகாமல் இருந்த வழி அது.

கிரீட் இளைத்திருந்தாள். ஒன்றும் கேட்காமல் காபி ஊற்றி அவர் முன் வைத்தாள். மேசைமேல் அலுவலகக் கடிதம் பிரித்தபடி கிடந்தது. அதன்மேல் ஒடீலின் நினைவு அட்டை காற்றில் பறக்காமல் இருக்க வைத்ததுபோல் இருந்தது.

"பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல," என்றாள். "எல்லாரும் உன் தப்பு இல்ல, உன் தப்பு இல்லன்னீங்க. இப்ப எழுத்துலயே வந்திடுச்சு. பதினாலாம் பக்கமாம். நான் அந்தப் புத்தகத்தைப் பிரிக்கவே இல்ல ஃபிர்மின். அந்த ரொட்டிக் கடைப் பக்கமே இப்ப நான் போறதில்ல. டார்ட் வாசம் வந்தா ஜன்னலைச் சாத்திடறேன்."

ஃபிர்மின் தாளை எடுத்து அவள் முன் வைத்தார். கிரீட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

'ஃபிர்மின் தோண்ட் ஆகிய நான் சொல்வது. கால் சூட்டுப் பையின் உள்துணியை மாற்றச் சொன்னது நான். மாற்றிய பிறகு சோதனை செய்யாதது நான். சூடு மிஞ்சியபோது அது தானே அணைந்திருக்க வேண்டும், என் கம்பளியால் அணையவில்லை. ஒடீல் அதனால் இறந்தார். ஆகவே கிரீட் ஸ்விட்சை அணைத்தாளா இல்லையா என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்தப் பிரகடனம் உற்பத்தியாளரின் தனிப் பொறுப்பில் வெளியிடப்படுகிறது.'

அவள் கடைசி வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அவரு கேட்டாரே, மெத்துன்னு ஏதாவதுன்னு. அதுவா?"

"அதுதான். ஆனா அவரு கேட்டதுல தப்பில்ல. கேக்கறவங்க கேப்பாங்க. செஞ்சு பாத்திருக்க வேண்டியது நான்." பையைப் பிரித்துக் கருகிய கம்பளியைக் காட்டினார். "இந்தா பாரு. ஆளே இல்லாத மேசைமேல வச்சேன், இரண்டு மணி நேரத்துல இப்படி ஆயிடுச்சு. நீ பக்கத்துலயே உக்காந்திருந்தாலும் உள்ள கருகறது கடைசி வரைக்கும் வெளிய தெரியாது."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

ஃபிர்மின் இந்தக் கேள்விக்குப் பயந்துதான் மூன்றாவது மாடிக்கும் சோதனைக்கூடத்துக்கும் குழுவுக்கும் போனார்.

"அடக்கத்துக்கு மறுநாள்," என்றார்.

கிரீட் கண்ணாடியைக் கழற்றித் தாளின்மேல் வைத்தாள்.

"நாலு மாசம்," என்றாள். "நாலு மாசமா நான் என்னையே கொன்னுக்கிட்டு இருந்தேன். நீ அந்த ஜன்னலுக்கு வெளிய வந்து நின்னுட்டுப் போனியே, நான் பாத்தேன். நீ எனக்காக அழறேன்னு நினைச்சேன்."

"கிரீட்..."

அவள் எழுந்தாள். அவர் முன்னால் இருந்த காபிக் கோப்பையை எடுத்தாள். இன்னும் ஒரு வாய்கூட அவர் குடித்திருக்கவில்லை. அதைக் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"போயிடு."

அவர் பையை எடுக்கக் கை நீட்டினார். "அது இருக்கட்டும். அந்தத் தாளும் இருக்கட்டும். நீ போ," என்றாள்.

வாசலைத் தாண்டி ஐந்தாறு அடி வைப்பதற்குள் உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. அடக்கத்தன்றுகூட அவள் அப்படி அழவில்லை. ஃபிர்மின் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, அவர் கடை வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, ரொட்டிக் கடைக் கதவு மணி ஒலித்தது. கிரீட் வெளியே வந்தாள். கையில் நூல் கட்டிய வெள்ளை அட்டைப் பெட்டி, அரிசி டார்ட் வைக்கிற பெட்டி. ஃபிர்மின் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு தெருவைக் கடந்து, எதிர்ச்சாரியில் தேவாலயச் சுவரோரமாகப் பெட்டியை நேராகப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள்.